வரலாம், வரலாம், ரைட்

கண்ணு,

நாளைக் காலை எனக்குப் பரீட்சை. எழுபத்தொரு வயதில். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு, எங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் சிம்னி விளக்கைப் பாயோரம் இழுத்து வைத்து எழுதி எழுதிப் பார்த்தேன். இன்றும் அதே கள்ளத்தனம்தான். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில், சத்தமில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் மேட்டூர் டீச்சர் தூங்குகிறார். அவர் விழித்தால் முதலில் கண்ணாடியைத் தேடுவார், பிறகு என் கடிதத்தைத் தேடுவார், பிறகு சிவப்புப் பேனாவைத் தேடுவார். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

பரீட்சை என்னவென்று உனக்குத் தெரியும். ஆள் துணையில்லாமல் நடமாட முடியாதவர்களை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துப் பார்க்க இந்த முதியோர் இல்லத்தில் போதுமான ஆள் இல்லை. அது சேரும்போதே சொன்ன விதி. என்னுடைய மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. என் கட்டிலிலிருந்து தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடம் வரை நான் நடக்க வேண்டும். ஊன்றுகோல் வைத்துக்கொள்ளலாம். யாரும் தொடக்கூடாது. நடந்துவிட்டால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் நீ என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்விடுவாய். விடியற்காலை காரில் கிளம்புவதாகவும், பின் சீட்டில் மெத்தை போட்டு வைத்திருப்பதாகவும் போனில் சொன்னாய். “என்ன ஆனாலும் நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுத்தாம்மா போவேன்” என்றாய். நான் “சரி கண்ணு” என்றேன். பொய். எனக்கு வர விருப்பமில்லை. அதைப் போனில் சொல்லத் தைரியம் வராமல்தான் எழுதுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. உன் வீடு நல்ல வீடு. உன் மனைவி நல்ல பெண். ஆனால் காலை எட்டரைக்கு நீங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போனால், ராத்திரி ஏழு வரை அந்த ஒன்பதாவது மாடியில் நானும் பிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமும். இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மூன்று மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. “சாப்டேன், தூங்குனேன், நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக உன்னிடம் மறைத்து வைத்திருப்பதை.

முதலில், நீ என்னை இங்கே விட்டுப்போன நாள். வெளிவாசல் வரை போனாய், திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடையை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. உனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. நம் பக்கத்தில் அப்போது கொஞ்சம் வைராக்கியம் உள்ள எல்லாரும் பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் தள்ளினார்கள், நாங்களும் தள்ளினோம். தகரப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது வார்டன் சொன்னார், “திரும்பிப் பாக்காதீங்க, பாத்தா பையன் அழுவான்.” பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறாரே என்று நான் கேட்டுக்கொண்டேன். நீ “அம்மா, அம்மா” என்று கம்பிக் கதவுக்குப் பின்னால் கத்தியது பஸ் ஏறும்வரை கேட்டது. நான் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு உன்னை ஹாஸ்டலில் விட்டது இல்லை. திரும்பிப் பார்க்காமல் போனதுதான்.

ஆகையால் எனக்கு வந்தது நியாயமான ஹாஸ்டல்தான் என்று நினைத்துக்கொண்டு, முதல் நான்கு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் செய்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எலும்பு கூடியது, தைரியம் கூடவில்லை. காலைத் தரையில் வைத்தாலே, உங்கப்பா போனபிறகு நான் தனியாக இருந்த நம் வீட்டின் ஈரப்படியில் விழுந்து பால்காரர் வரும்வரை கிடந்த அந்த ஒன்றரை மணி நேரம் கண்முன் வந்துவிடும்.

ஐந்தாம் நாள், இங்கே எங்களைப் பார்த்துக்கொள்ளும் சரசு வந்தாள். மேச்சேரிப் பக்கத்துப் பெண். நாற்பது வயதிருக்கும், நல்ல கனத்த குரல். மருந்து கொடுக்க வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“ஏனுங்கம்மா, செவுத்துல படம் ஏதாச்சும் ஓடுதுங்களா? நானும் சித்த நேரம் பாக்கறனே.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து மேட்டூர் டீச்சர் சொன்னார், “அவங்க நாலு நாளா பாக்கறாங்க சரசு. இன்னும் இன்டர்வெல்லே வரல.”

சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினேன். “அட, அம்மாவுக்கு இருமத் தெரியுது” என்று சொல்லிக்கொண்டே சரசு என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தாழ்வாரத்துக்குத் தள்ளிப் போனாள். மதிலுக்கு அந்தப்பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோப்பும் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

தாழ்வாரத்தில்தான் பழனியப்பண்ணன் இருந்தார். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, கண்ணும் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மனிதர் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை; தானே நாற்காலியில் ஏறி உருட்டிக்கொள்வார், துணைக்கு ஆள் வேண்டாம். சக்கர நாற்காலியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கும். முதுகுப்பக்கம் சரசுவை விட்டு நகச்சாயத்தில் ‘ஹாரன் அடி’ என்று எழுதி வாங்கியிருக்கிறார். காலையில் உப்புமா வந்தால் தட்டைத் தடவிப் பார்த்து, “மறுபடியும் அதே லோடுங்களா?” என்பார். கழிவறைக்குப் போகும்போது தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அன்லோடிங் போவுது, வழி உடுங்க” என்று அறிவிப்பார். டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார். “எங்க மேட்டூர் குவார்ட்டர்ஸ்ல இப்பிடி ஒரு மனுசன நான் பாத்ததே இல்ல” என்பார். “பாத்திருந்தா உங்களுக்கு இந்நேரம் லைசென்ஸே எடுத்துக் குடுத்திருப்பனுங்க டீச்சர்” என்பார் அவர்.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம். டீ நேரம். தாழ்வாரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நிற்பதற்குக்கூட அதுவரை இரண்டு பேர் என்னைப் பிடிக்க வேண்டும். பழனியப்பண்ணன் யாருக்கோ வழிவிடுவதாக நினைத்து நாற்காலியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் தாழ்வாரம் முடிந்து இரண்டு படி இறங்கும். வலது சக்கரம் விளிம்புக்கு வந்துவிட்டது. சரசு டீப் பாத்திரத்தோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் ஓடி வந்தாலும் நேரமில்லை.

“ஓல்டேன்!”

வண்டியை நிறுத்தச் சொல்லி அடிவயிற்றிலிருந்து வந்த குரல். என்னுடையதுதான். கூடவே என் கை பக்கத்துத் தூணை ஓங்கி ஓர் அறை அறைந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம், அண்ணனின் கைகள் தாமாகவே சக்கரத்தை இறுக்கி நிறுத்திவிட்டன. நான் விடவில்லை. “லெப்ட் ஒடிங்க... ஒடிங்க... இப்ப முன்னால... வரலாம், வரலாம், வரலாம்... ரைட்!” என்று தூணைத் தட்டித் தட்டி அவரை நடுத்தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

சரசுதான் மெல்லச் சொன்னாள், “அம்மா... நீங்க நிக்கறீங்க.”

குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தேன். பார்த்த உடனே பயம் ஞாபகம் வந்து, தொப்பென்று நாற்காலியில் விழுந்தேன்.

“நின்னது கெடக்கட்டும் புள்ள” என்றார் பழனியப்பண்ணன், என் குரல் வந்த திக்கில் முகத்தைத் திருப்பி. “இந்தம்மிணி யாருன்னு மொதல்ல கேளு. இது ஊட்ல இருந்த பொம்பள தட்டற தட்டு இல்ல. லைன்ல போன கை இது.”

ஆமாம் கண்ணு. லைனில், அதாவது லாரியில் ஊர் ஊராகப் போன கை. இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. உன்னை ஹாஸ்டலில் விட்ட ஆறாம் மாதம், நம் லாரியில் உங்கப்பாவோடு போன கிளீனர் நாக்பூரில் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். தனியாக வண்டியை ஓட்டிவந்த உங்கப்பா, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் வழியில் இரண்டு இடத்தில் கண் அசந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னார். நீ இல்லாத வீட்டில் எனக்கும் இருக்க முடியவில்லை. உன் தட்டைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். “ஒரே ஒரு நடை நான் கூட வாரேன்” என்றேன். அந்த ஒரு நடை ஐந்து வருடம் ஓடியது. சேலைமேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தார்ப்பாய் கட்டினேன், சக்கரத்துக்குக் கட்டை போட்டேன், ஸ்டவ் பற்றவைத்து வண்டி நிழலில் சோறாக்கினேன். பின்னால் நின்று வண்டியைத் தட்டினேன். தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் வரலாம், நின்றால் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. “கண்ணாடிய நம்பறதில்ல நானு, உன்ற கைச் சத்தந்தான் எனக்கு” என்பார் உங்கப்பா.

உன்னைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சம்பழமும் தேங்காய் நாரும் போட்டு கிரீஸைத் தேய்ப்பேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வண்டியை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து நடந்து வருவோம். உன் சிநேகிதர்கள் உன்னைக் கேலி செய்துவிடக் கூடாது என்று. “கை ஏம்மா இப்படிக் காச்சுப்போயிருக்கு?” என்று ஒருமுறை கேட்டாய். “காட்டு வேலை கண்ணு” என்றேன். எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ ஒன்றுமே பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் பொய்யில் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை விட்டதற்காக நான் அழுதேன், உண்மை. ஆனால் வாய்விட்டுச் சிரித்ததும் அந்த ஐந்து வருடத்தில்தான். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சம். பிள்ளை கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கும்போது தாய் சந்தோஷமாக இருந்தாள் என்றால் யார் மன்னிப்பார்கள் என்று பயந்தேன். இப்போது நீ பெங்களூரில் உன் மகளோடு சிரிக்கும்போதெல்லாம், அம்மா அங்கே கிடக்கிறாளே என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறாயாம். உன் மனைவி சொன்னாள். நிறுத்தாதே.

இதையெல்லாம் அன்று தாழ்வாரத்தில் சொன்னேன். டீ ஆறிப்போனது. மறுநாள் காலையிலிருந்து பழனியப்பண்ணன் என் கிளீனர் ஆகிவிட்டார். “முப்பத்தஞ்சு வருசம் ஸ்டேரிங் புடிச்சவன இந்தம்மிணி கிளீனராக்கிப்போட்டாங்க” என்று ஊரெல்லாம் புலம்பல். நான்தான் வண்டி. நான் ஊன்றுகோலோடு நிற்பேன், சரசு பக்கத்தில் கையைத் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பாள், அண்ணன் பின்னாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு கைப்பிடியைத் தட்டுவார். “வரலாம், வரலாம்...” தாழ்வாரத்தில் ஆறு தூண்கள். ஒவ்வொன்றுக்கும் சேலம் ரோட்டு ஊர் ஒன்றின் பெயர். முதல் தூண் பரமத்தி. இரண்டாவது நாமக்கல். அப்புறம் புதன்சந்தை, ராசிபுரம், மல்லூர். ஆறாவது தூணை ஒட்டிய சாப்பாட்டுக் கூடம்தான் சேலம். நாமக்கல் தூணில் டோல்கேட். சரசு துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டி, வாயால் ‘பீப்’ என்பாள். “பாஸ்டேக்ல பேலன்ஸ் இல்லீங்கம்மா. லைன்ல நடந்த கதை ஒண்ணு சொல்லிப்போட்டுப் போங்க.” நான் மூச்சு வாங்கிக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி அது. கதை கேட்க ஆள் சேர்ந்தது. கதையின் முடிவைக் கேட்க வேண்டுமென்றால் அடுத்த தூணுக்கு வர வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அறையை விட்டு வெளியே வராதவர்களெல்லாம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வர ஆரம்பித்தார்கள். டீச்சர் மட்டும், “எங்க மேட்டூர்ல டேம் கட்டி முடிக்கக்கூட இத்தனை நாள் ஆகியிருக்காது” என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வந்துவிடுவார்.

எல்லா நாளும் சிரிப்பாகவே போனது என்று நினைத்துவிடாதே. ஆறாம் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். தானே நடப்பார், ஆனால் சரசு ஊட்டினால்தான் சாப்பிடுவார். போன மாதம் இறந்துபோனார். பிள்ளைகள் வந்தார்கள், வண்டி வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மத்தியானம் சரசுவைக் காணோம். டீச்சரை என் நாற்காலியைத் தள்ளச் சொல்லித் தேடினேன். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு வருசமா சோறூட்டுன கைங்கம்மா” என்றாள், கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு. “இன்னிக்கு மத்தியானம் ஒரு மணி ஆச்சு. கை தானா தட்டத் தேடுதுங்க.”

“சரசு, எனக்கு ராசிபுரம் போவணும்” என்றேன். அதுவரை நான் புதன்சந்தையைத் தாண்டியதே இல்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இந்த வெயில்லயா? லோடு என்னங்க?” என்று கேட்டாள். அன்று நான் நான்காவது தூண்வரை போனேன். அவள் என்னை நடத்தினாளா, நான் அவளை நடத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்மைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நம்மிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது, கண்ணு. அது நமக்குத் தெரிந்துவிட்டால், உதவி கேட்பதில் அவமானம் போய்விடுகிறது.

ஆனால் நாளைக்குப் பயமாக இருக்கிறது. சேலம்வரை ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். அன்றும் சரசுவின் கை என் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாளை அந்தக் கை இருக்காது. மேனேஜர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சர் புரண்டு படுக்கிறார். செல்போன் வெளிச்சத்தை அணைக்கிறேன்.

*

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று நீ கிளம்பிப்போய் மூன்று மணி நேரம் ஆகிறது. இப்போது நல்ல வெளிச்சத்தில், தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். டீச்சர் மேலே உள்ளதைப் படித்துவிட்டார். ஏழு இடத்தில் சிவப்பு மை.

நடந்ததை நீயே பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கார்ச் சாவியோடு நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், பரீட்சை எனக்கா உனக்கா என்று சந்தேகமாக இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்தது சுலபம். பரமத்தி தாண்டியது நன்றாக நினைவிருக்கிறது. நாமக்கல்லில் சரசு துடைப்பக் கட்டையை நீட்டாமல், “இன்னிக்கு டோல் ப்ரீங்க” என்றாள். பழனியப்பண்ணன் பின்னால் தட்டிக்கொண்டு வந்தார். புதன்சந்தை. ராசிபுரத்துக்கு வந்தபோது அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாகவே சளி. தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

அதே நேரத்தில்தான் முன்னால் பார்த்தேன். காலையில் தரை துடைத்தவர் அவசரத்தில் விட்டுப்போன ஈரம். நம் வீட்டுப் படியில் இருந்த அதே மினுமினுப்பு. அவ்வளவுதான், கால் இரண்டும் சிமென்டில் ஊன்றியதுபோல் நின்றுவிட்டன. சரசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொட்டால் நான் தோற்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் அம்மா நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பெங்களூர், ஒன்பதாவது மாடி, பிரிட்ஜ் எல்லாம் எனக்குத் தெரிந்தது.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து இல்லை, முன்னாலிருந்து. யாரோ தூணைத் தட்டினார்கள். சாவி வைத்திருந்த கையால்.

“வரலாம்மா” என்றாய். “வரலாம், வரலாம்... லெப்டுல தண்ணி நிக்குது. ரைட் ஒடிச்சு வா. இன்னும் கொஞ்சம்... ரைட்டு, ரைட்டு. இப்ப நேரா. வரலாம், வரலாம், வரலாம்...”

தட்டும் சத்தம் ஒருதரம்கூட நிற்கவில்லை. மல்லூர் எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது. சேலத்தில் வந்து, சாப்பாட்டு மேஜையில் கை வைத்தபோதுதான் நீ தட்டுவதை நிறுத்தினாய். பிறகு எழுந்த சத்தத்தில் கொடிக்காலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டதாக டீச்சர் சொன்னார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயால் ஏர் ஹாரன் அடித்தார். சரசு என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் புதிய எலும்பு ஏதாவது முறிந்திருக்கும்.

“உனக்கு எப்படிடா தெரியும்?” என்று உன் காதில் கேட்டேன். நான் இன்னும் கடிதத்தைக் கொடுக்கவில்லையே.

“எட்டாவதுலயே தெரியும்மா” என்றாய். “ஸ்கூல் டூர் போனப்ப பஸ்ஸு பெட்ரோல் பங்க்ல நின்னுச்சு. நீ காக்கிச் சட்டை போட்டுட்டு நம்ம வண்டிய ரிவர்ஸ்ல தட்டிட்டு இருந்த. பக்கத்துல இருந்தவன், ‘பார்றா பொம்பளக் கிளீனரு’ன்னு சிரிச்சான்.” மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், “நானும் சிரிச்சேம்மா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஏன் என் கையை விடவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. ஆளுக்கு ஒரு குற்றத்தை முப்பது வருடம் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம், முட்டாள்கள் மாதிரி. அங்கே பதில் சொல்வதற்குள் எல்லாரும் கேசரிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே சொல்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் சிரிக்காமல் என்ன செய்வான்? சேலைமேல் காக்கிச் சட்டை, தலையில் துண்டு. நானே கண்ணாடியில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நீ சிரித்தாய், ஆனால் சத்தத்தைக் கவனித்தும் கேட்டிருக்கிறாய். இல்லாவிட்டால் ‘ரைட் ஒடிச்சு வா’ என்று எங்கே கற்றுக்கொண்டாய்? அது போதும் எனக்கு.

வருகிற ஜூனில் உன் மகளைக் கல்லூரி ஹாஸ்டலில் விடப்போகிறாய். யார் என்ன சொன்னாலும் திரும்பிப் பார். அவள் அழுதால் அழட்டும், நீயும் அழு. அவள் உள்ளே போய் மறையும்வரை வாசலிலேயே நில். எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான். இன்னொன்று, இங்கே என்னைப் பார்க்க வரும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வராதே. பார்வையாளர் பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், எல்லாரும் குற்றவாளிகள் மாதிரிக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்கிறார் டீச்சர். ஒட்டட்டும். அவர்களும் படிக்கட்டும். எங்களுக்குப் பழம் வேண்டாம், ஹார்லிக்ஸ் வேண்டாம். நல்லதாக ஒரு கதை கொண்டு வாருங்கள். டோல் கட்ட வேண்டியிருக்கிறது.

மத்தியானம் நீ கிளம்பியது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. “போய்ட்டு வாரேம்மா” என்று காரில் ஏறினாய், என்னைக் கூட்டிப்போகிற பேச்சையே எடுக்கவில்லை. மெத்தை பின் சீட்டில் அப்படியே காலியாக இருந்தது. வெளிவாசலுக்கு வெளியே குறுகலான ரோடு, காரை ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும். உன் காரில் பின்னால் வருவதைக் காட்டுகிற சின்னத் திரை இருப்பது எனக்குத் தெரியும். நீ அதைப் பார்க்கவில்லை. நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு, எனக்காகக் காத்திருந்தாய்.

நான் நடந்து வந்தேன். சரசு கூட வந்தாள், தொடவில்லை. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையால் உன் காரின் முதுகில் தட்டினேன். தகரம் ஒன்றும் நம் லாரி மாதிரி இல்லை, பொத்பொத்தென்று ஒரு சத்தம். இருந்தாலும் உனக்குக் கேட்டது. வரலாம், வரலாம், லெப்ட் ஒடி, இன்னும் வரலாம். ரோட்டுக்கு வந்து வண்டி நேரானதும் நீ கழுத்தை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாழைத் தோப்புத் திருப்பத்தில் நீ மறையும்வரை நின்றேன். நின்றேன் கண்ணு, என் சொந்தக் காலில்.

பின்பக்கம் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி நான் கடைசியாகக் கத்தினேனே, அது அந்த ஹாஸ்டல் வாசலிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. முப்பது வருடம் தாமதமாகச் சொன்னேன். போலாம், ரைட்.

உன் அம்மா